கைரேகையும் கருவிழியும்: நன்மை எவ்வளவு, தீமை எவ்வளவு?

நான் ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சம்பள நாளன்று ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். சம்பளப் பட்டுவாடா செய்பவர் பெட்டியும் பட்டியலுமாக வந்து அமர்வார். தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளிகள் வரிசையாக வந்து, நீல மை தோய்ந்த பஞ்சில் இடது கட்டைவிரலை அழுத்திப் பட்டியலில் உருட்டிவிட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டு போவார்கள். டிப்ளமா முடித்துவிட்டு வந்த எங்களைப் போன்ற இளைஞர்கள் பேனாவை எடுத்து ஸ்டைலாகக் கையெழுத்துப் போடுவோம். "அவன் கைநாட்டு" என்றால் படிக்காதவன் என்று அர்த்தம். அதில் ஓர் ஏளனமும் இருந்தது.

காலம் எப்படிப் புரண்டுவிட்டது பாருங்கள்! இன்று படித்தவர், படிக்காதவர், பேராசிரியர், பெட்டிக்கடைக்காரர் எல்லோருமே கைநாட்டுதான். ரேஷன் அரிசிக்கு விரல், சிம் கார்டுக்கு விரல், ஓய்வூதியத்துக்கு விரல். விமான நிலையத்தில் முகம், வெளிநாட்டு விசாவுக்குப் பத்து விரலும். நம் பெயரையும் கையெழுத்தையும் விட உடம்பே நமக்குச் சாட்சியாகிவிட்டது. இதைத்தான் 'பயோமெட்ரிக்' முறை என்கிறார்கள். உடலின் அளவுகளைக் கொண்டு ஆளை அடையாளம் காண்பது என்று பொருள்.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒரு சம்பவம். ஊதுபத்தி உருட்டிப் பிழைக்கும் ஒரு அம்மாள் இருக்கிறார். சேலம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மைசூருக்கு வந்து ஐம்பது வருஷம் ஆகிறது. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ரேஷன் கடைக்குப் போய், வெறும் பையுடன் திரும்பி வந்துகொண்டிருந்தார். "என்னம்மா, அரிசி வரவில்லையா?" என்று கேட்டேன். "அரிசி வந்திருக்கு தம்பி, நான்தான் வரலையாம்" என்றார். எனக்குப் புரியவில்லை. கைகளை விரித்துக் காட்டினார். "மிஷின்ல என் விரல் விழலை. கரித்தூளும் பசையும் போட்டு உருட்டி உருட்டி ரேகையெல்லாம் ஊதுபத்தியோடவே போயிடுச்சு. நான் நானில்லைன்னு சொல்லுது" என்றார்.

அந்த வார்த்தை என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. அதிலிருந்து இது பற்றித் தேடிப் படித்தேன். நம் சங்கக் கூட்டத்திலும் சில அன்பர்கள், "இந்தக் கைரேகை விஷயம் நல்லதா கெட்டதா?" என்று கேட்டார்கள். வாழ்நாள் முழுவதும் சிக்னல் கருவிகளோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

பழைய கதை

கைரேகை ஏதோ கம்ப்யூட்டர் காலத்துச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். இது நம் நாட்டில் பிறந்து உலகம் சுற்றியது. 1858-ல் வங்காளத்தில் ஹூக்ளி பக்கம் ஜங்கிபூரில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேயர், சாலைக்குச் சரளை தரும் ஒப்பந்தக்காரர் ஒருவரின் உள்ளங்கைப் பதிவை ஒப்பந்தத்தில் வாங்கினார். பின்னால் 'இது என் கையெழுத்தல்ல' என்று அவர் மறுத்துவிடக் கூடாதே என்ற பயம்தான் காரணம். பிறகு பல ஆண்டுகள் ரேகைகளைச் சேர்த்துப் பார்த்து, வயதானாலும் அவற்றின் வடிவம் மாறுவதில்லை என்று கண்டார்.

1897-ல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கப்பட்டது. ரேகைகளை 1,024 அறைகளாகப் பிரித்து வைத்து, வேண்டியதைச் சட்டென்று எடுக்கும் கணக்கு முறைக்கு உழைத்தவர்கள் அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்தியப் போலீஸ் அதிகாரிகள். ஆனால் அந்த முறைக்கு மேலதிகாரியின் பெயரே நிலைத்தது. 'ஹென்றி முறை' என்றே உலகம் அதை அறியும். உழைப்பு ஒருவருக்கு, பெயர் ஒருவருக்கு. அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் இது புதிதல்ல.

கடல் கடந்த தமிழர்களுக்கும் இந்தக் கதையில் முக்கியப் பங்கு உண்டு. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் அனைவரும் பத்து விரல் ரேகையும் கொடுத்துப் பதிவுச் சீட்டு வாங்கி, எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்று 1906-ல் சட்டம் வந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய இந்தியர்கள் அதற்குக் கீழ்ப்படிவதில்லை என்று உறுதி எடுத்தார்கள். காந்தியடிகளின் சத்தியாகிரகம் அங்கேதான் பிறந்தது. அதில் சிறை சென்றவர்களில் தமிழர்கள் பெரும்பகுதி. மொரீஷியஸில் பிறந்த தமிழரான தம்பி நாயுடு காந்திக்கு வலக்கை போல நின்றவர்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு திருப்பம் உண்டு. 1908-ல் சமரசம் ஏற்பட்டபோது, கட்டாயமில்லாமல் விரும்பிப் பதிவு செய்யலாம் என்று சொல்லப்பட்டது. காந்தியடிகள் ரேகை கொடுக்கச் சம்மதித்தார். பதிவு அலுவலகத்துக்குப் போகும் வழியில், அது துரோகம் என்று கருதிய ஒருவர் அவரை அடித்து வீழ்த்தினார். உடன் சென்ற தம்பி நாயுடுவுக்கும் காயம். பின்னர் அரசு சொன்னபடி நடக்கவில்லை என்று, அதே ஆண்டு ஆகஸ்டில் ஹமீதியா மசூதி வளாகத்தில் பதிவுச் சீட்டுகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். அப்படியானால் அவர்கள் எதிர்த்தது மையையும் விரலையும் அல்ல. ஒரு இனத்தை மட்டும் குற்றவாளிபோல் நடத்திய கட்டாயத்தைத்தான் எதிர்த்தார்கள். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

கருவி என்ன செய்கிறது?

விரல் நுனியில் உள்ள வரிகள் தாயின் கருவிலேயே அமைந்துவிடுகின்றன. இரட்டைக் குழந்தைகளுக்குக்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. கருவி முழுப் படத்தையும் அப்படியே ஒப்பிடுவதில்லை. வரி எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று பார்க்கிறது. ரயில் பாதை வரைபடத்தில் தண்டவாளம் முடியும் இடத்தையும், பாயிண்ட் பிரியும் இடத்தையும் மட்டும் குறித்துக்கொள்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளிகளின் இடமும் திசையும் எண்களாகச் சேமிக்கப்படுகின்றன. கருவிழியிலும் இப்படித்தான், பாவையைச் சுற்றியுள்ள வளையத்தின் இழை அமைப்பை எண்ணாக மாற்றுகிறார்கள். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜான் டாக்மன் 1990-களில் இதற்கு வழி வகுத்தார்.

மறுமுறை நாம் விரலை வைக்கும்போது, புதுப் புள்ளிகளையும் பழைய புள்ளிகளையும் ஒப்பிட்டுக் கருவி ஒரு மதிப்பெண் போடுகிறது. நூற்றுக்கு நூறு ஒருபோதும் வராது. விரல் கொஞ்சம் சாய்ந்திருக்கும், ஈரமாயிருக்கும், அழுத்தம் கூடியிருக்கும். ஆகவே, 'இத்தனை மதிப்பெண் வந்தால் பாஸ்' என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். நம்மில் பலருக்குத் தெரியாதது இதுதான். கருவி 'இவர் இவரே' என்று சத்தியம் செய்வதில்லை. 'இவராக இருக்கலாம்' என்று மார்க் போடுகிறது.

வரம்பைக் கூட்டினால் போலி ஆள் நுழைவது குறையும். ஆனால் உண்மையான ஆள் தள்ளப்படுவது கூடும். வரம்பைக் குறைத்தால் நேர் எதிர். இரண்டையும் ஒரே சமயத்தில் பூஜ்யமாக்க எந்தக் கொம்பனாலும் முடியாது.

மைசூர் மை சொல்லும் பாடம்

இந்த இடத்தில் நம் ஊர்ப் பெருமை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாட்டில் தேர்தல் நடக்கும்போதெல்லாம் நம் இடது ஆள்காட்டி விரலில் வைக்கும் அழியாத மை இந்த மைசூரில்தான் தயாராகிறது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் 1937-ல் தொடங்கிய அரக்கு, வர்ணத் தொழிற்சாலைதான் இன்றைய மைசூர் பெயிண்ட்ஸ் அண்டு வார்னிஷ் நிறுவனம். 1962 பொதுத்தேர்தலிலிருந்து தேர்தல் ஆணையத்துக்கு மை தருகிறது. பல வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறது. மையில் உள்ள வெள்ளி நைட்ரேட் தோலோடு சேர்ந்து வெளிச்சம் பட்டதும் கறுத்துவிடுகிறது. 10 மில்லி லிட்டர் குப்பி ஒன்று சுமார் 700 வாக்காளருக்குப் போதும்.

அந்த மையும் ஒரு வகையில் விரல் அடையாளம்தான். ஆனால் அது கேட்பது ஒரே கேள்வி: 'இந்த விரல் ஏற்கெனவே ஓட்டுப் போட்டதா?' நீ யார், எந்த ஊர், நேற்று எங்கே போனாய் என்று அது கேட்பதில்லை. எந்தப் பெட்டகத்திலும் எதையும் சேர்த்து வைப்பதில்லை. சில வாரங்களில் நகம் வளர்ந்து தானே மறைந்துவிடுகிறது. வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் தெரிந்துகொண்டு, வேலை முடிந்ததும் மறந்துவிடுகிறது. எந்த அடையாள முறையையும் எடைபோட இதைவிட நல்ல படிக்கல் வேறில்லை என்பது என் கருத்து.

ஆதார் வந்த வழி

2009-ல் ஆதாருக்கான ஆணையம் அமைக்கப்பட்டு, நந்தன் நீலேகணி தலைவரானார். முதல் ஆதார் எண் 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தில் தெம்ப்ளி என்ற பழங்குடிக் கிராமத்தில் வழங்கப்பட்டது. கர்நாடகத்தில் முதலில் சோதனையாகப் பதிவு நடந்தது மைசூர், தும்கூர் மாவட்டங்களில்தான். சமையல் காஸ் மானியத்தை வங்கிக் கணக்கில் நேரடியாகப் போடும் திட்டம் 2013-ல் முதல் கட்டமாக 20 மாவட்டங்களுக்கு வந்தபோதும் அவற்றில் மைசூர் ஒன்று. ஆக இந்த விஷயத்தில் நாம் மூத்த அனுபவசாலிகள்!

பத்து விரல், இரண்டு கருவிழி, ஒரு முகப்படம். இவற்றுக்கு ஈடாக 12 இலக்க எண் ஒன்று. கடைசி இலக்கம், மற்ற 11 இலக்கங்களும் சரியாக எழுதப்பட்டுள்ளனவா என்று சோதிக்கும் கணக்கு இலக்கம். இதுவரை 130 கோடிக்கும் மேற்பட்ட எண்கள் வழங்கப்பட்டுள்ளன. உலகில் இவ்வளவு பெரிய உடல் அடையாளப் பதிவேடு வேறில்லை.

ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஆதார் குடியுரிமைச் சான்று அல்ல; சட்டமே அப்படிச் சொல்கிறது. இந்நாட்டில் வசிப்பவர் இவர் என்பதற்குத்தான் அது சான்று.

நன்மைகள்

முதல் நன்மை, இடம் பெயர்ந்தவர்களுக்கு. ஊரை விட்டு வந்தவனுக்கு முதலில் தொலைவது அடையாளம்தான். அந்தக் காலத்தில் தர்மபுரியிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ இங்கே வந்தவர் ஒரு வங்கிக் கணக்குத் தொடங்க, தெரிந்த பெரிய மனிதர் ஒருவரைத் தேடி அலைய வேண்டும். 'இவரை எனக்குத் தெரியும்' என்று யாராவது கையெழுத்துப் போட வேண்டும். நானே சக ஊழியர்கள் பலருக்குப் போட்டிருக்கிறேன். இன்று அந்தத் தயவு தேவையில்லை. பரிந்துரைக்க ஆள் இல்லாதவனுக்கு விரலே பரிந்துரை.

இரண்டாவது, ரேஷன். 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டம் 2019-ல் சில மாநிலங்களில் தொடங்கியது. தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. 2022 ஜூனில் நாடு முழுவதற்கும் விரிந்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் கார்டுள்ள ஒரு தமிழ்நாட்டுக் குடும்பம், மைசூரில் கட்டட வேலைக்கு வந்திருந்தாலும், இங்குள்ள கடையில் விரல் வைத்து மத்திய அரசின் பங்கைப் பெறலாம். ஆனால் அந்தந்த மாநிலம் தன் செலவில் தரும் கூடுதல் சலுகைகள் கிடைக்கா.

மூன்றாவது, போலிகள் ஒழிவது. ஒரே ஆள் இரண்டு பெயரில் பதிந்தால் பத்து விரலும் இரண்டு கண்ணும் காட்டிக் கொடுத்துவிடும்.

நான்காவது, எங்களைப் போன்ற ஓய்வூதியர்களுக்கு. ஆண்டுதோறும் நவம்பரில் 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று நிரூபிக்க வேண்டும். 2014 நவம்பரில் வந்த 'ஜீவன் பிரமாண்' முறையால் வீட்டிலிருந்தே அதைச் செய்யலாம். அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ உள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போய்விட்டு, இந்த ஒரு சான்றுக்காக அவசரமாகத் திரும்பிய பெரியவர்களைப் பற்றி நாம் கேட்டதில்லையா?

தீமைகள்

முதல் தீமை அந்த ஊதுபத்தி அம்மாளின் கை. சிமெண்டு, சோப்புத் தண்ணீர், கரி, கல், மண் இவற்றோடு உழைப்பவர்களின் ரேகை தேய்கிறது. முதுமையில் தோல் வறண்டு வரிகள் மங்குகின்றன. சில புற்றுநோய் மருந்துகள்கூட ரேகையை அழிக்கின்றன. ஆக, யாருக்கு அரிசி அதிகம் தேவையோ அவர் விரல்தான் கருவிக்குத் தெரிவதில்லை.

இது ஒருவர் இருவர் பிரச்சினை அல்ல. மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையே, ரேகை ஒப்புதல் தோல்வி குஜராத்தில் 6 சதவீதம், ராஜஸ்தானில் 37 சதவீதம், ஜார்க்கண்டில் 49 சதவீதம் என்ற மதிப்பீடுகளை எடுத்துக் காட்டியது. அதன்பின் கருவிகள் முன்னேறியுள்ளன. இருந்தாலும் சிறு சதவீதத்தையும் அலட்சியம் செய்ய முடியாது. ஒரு கடைக்கு 600 கார்டு என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்கு இரண்டு தோல்வி என்றாலும் 12 குடும்பம். பரீட்சையில் 98 மார்க் பெரிய மார்க்தான். அந்தப் 12 வீட்டு அடுப்புக்கு அது பூஜ்யம்.

இரண்டாவது, திருட்டுப் போனால் மாற்ற முடியாது. ரகசிய எண்ணை மாற்றலாம், பூட்டை மாற்றலாம், விரலை மாற்ற முடியுமா? 2015-ல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகக் கணினிகளிலிருந்து 56 லட்சம் பேரின் கைரேகைகள் திருடப்பட்டன. அவர்கள் ஆயுள் முழுவதும் அந்த ரேகையோடுதான் இருக்க வேண்டும்.

நம் மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கிலிருந்து, சிறு கருவியில் விரலை வைத்தே பணம் எடுக்கும் வசதி இருக்கிறது. கிராமங்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் அதற்கு ஓ.டி.பி. எதுவும் தேவையில்லை. 2023-ல் மங்களூர்ப் பகுதியில் சொத்துப் பத்திரம் பதிவு செய்த பலர், தங்களுக்குத் தெரியாமலே இவ்வழியில் பணம் எடுக்கப்பட்டதாகப் போலீசில் புகார் செய்தார்கள். பத்திரங்களில் இருந்த ரேகையையும் ஆதார் எண்ணையும் வைத்துப் போலி விரல் செய்திருக்கிறார்கள். பின்னர் பதிவுத்துறை, பத்திர நகல்களில் ரேகைகளை மறைக்க ஏற்பாடு செய்தது. யோசித்துப் பாருங்கள்: நாம் ஒரு நாளில் எத்தனை டம்ளரில், எத்தனை கதவில் நம் 'சாவி'யை விட்டுவிட்டு வருகிறோம்!

மூன்றாவது, கண்காணிப்பு. ஒரே விரலால் எல்லாக் கதவும் திறக்கும் என்றால், ஒருவர் எந்தெந்தக் கதவைத் திறந்தார் என்று ஒரே இடத்தில் எழுதி வைக்கவும் முடியும். அந்தப் புத்தகம் நல்லவர் கையில் இருக்கும்வரை சரி.

இந்தக் கவலையோடு 2012-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர், கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே.எஸ். புட்டசுவாமி. நம் மைசூர் மகாராஜா கல்லூரியில் படித்தவர். வழக்குத் தொடுத்தபோது வயது 86. அவர் வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2018 செப்டம்பர் 26-ல் ஐந்து நீதிபதிகளில் நால்வர், அரசு மானியங்களுக்கும் வருமான வரிக்கும் ஆதார் செல்லும் என்றனர்; வங்கிக் கணக்குக்கும் கைபேசிக்கும் அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்றும் தீர்ப்பானது. நீதிபதி சந்திரசூட் மட்டும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். புட்டசுவாமி 2024 அக்டோபரில் தம் 98-வது வயதில் காலமானார். வயதாகிவிட்டது, நம்மால் என்ன ஆகும் என்று சாய்வு நாற்காலியில் சாய்ந்துவிடும் என் போன்றவர்கள் அவரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சிக்னல் சொல்லித் தந்தது

நிற்க. என் தொழிலுக்கு வருகிறேன். சிக்னல் துறையில் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருவது ஒன்று உண்டு. எந்தக் கருவியும் ஒருநாள் பழுதாகும். பழுதாகும்போது அது பாதுகாப்பான பக்கம் விழ வேண்டும். கம்பியால் இழுக்கும் பழைய கை சிக்னலில் கம்பி அறுந்தால், கை தன் எடையாலேயே 'நில்' என்ற நிலைக்கு வந்துவிடும். ரயில் நின்றால் நேரம் போகும், உயிர் போகாது. இதை 'ரைட் சைடு ஃபெயிலியர்' என்போம். போகக் கூடாத ரயிலுக்குப் பச்சை காட்டிவிட்டால் 'ராங் சைடு ஃபெயிலியர்'. அதற்கு மன்னிப்பே கிடையாது.

கைரேகைக் கருவியிலும் இந்த இரண்டு பழுதும் உண்டு. ஆனால் பாதுகாப்பான பக்கம் எது என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. வங்கியில் சந்தேகம் வந்தால் மறுப்பதுதான் பாதுகாப்பு. ஒருநாள் பணம் கிடைக்காவிட்டால் சிரமம்; கணக்கே காலியானால் நாசம். ரேஷன் கடையில் அப்படியல்ல. தகுதியில்லாத ஒருவருக்குச் சில கிலோ அரிசி போய்விட்டால் அரசுக்குச் சிறு நஷ்டம். உரியவருக்குக் கிடைக்காவிட்டால் பட்டினி. அங்கே 'நில்' என்பதே ஆபத்தான பக்கம். இதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி 'மிஷின் சொல்லிவிட்டது' என்று கைவிரிப்பதுதான் தவறு. தவறு கருவியில் இல்லை, அதை நிறுவியவர் யோசனையில் இருக்கிறது.

இன்னொன்று. சிக்னல் சிவப்பிலேயே நின்றுவிட்டால் நாங்கள் ரயிலை நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விடுவதில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் எழுத்து மூலம் அனுமதிச் சீட்டு எழுதி டிரைவர் கையில் கொடுப்பார். ரயில் எச்சரிக்கையோடு நகரும். எத்தனை மணிக்குப் பழுது, எத்தனை மணிக்குச் சரியாயிற்று, யார் சரி செய்தார் என்று பழுதுப் பதிவேட்டில் எழுதப்படும். கருவி தோற்றாலும் வழி தோற்கக் கூடாது.

ரேஷனுக்கும் இந்த வழி இருக்கிறது. ஆதார் ஆணையமே 2017 அக்டோபரில் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. விரல் ஒத்துவராவிட்டால் கருவிழி அல்லது கைபேசி ஓ.டி.பி. மூலம் பார்க்கலாம், குடும்பத்தில் வேறொருவர் வைக்கலாம், எதுவும் முடியாவிட்டால் விதிவிலக்குப் பதிவேட்டில் எழுதிப் பொருளைத் தர வேண்டும். ரேகை ஒத்துவரவில்லை என்பதற்காக உரியவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. ஆனால் இந்த விதி கடை வாசலில் நிற்கும் அம்மாளுக்குத் தெரியாது. சில சமயம் கடைக்காரருக்கும் தெரியாது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

நாம் செய்ய வேண்டியவை

நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று சில யோசனைகள்:

1. ஆதாரில் கைபேசி எண் சரியாக இருக்கட்டும். விரல் தோற்றால் கைகொடுப்பது அதுதான். ஊரை விட்டு வந்தபின் எண்ணை மாற்றியவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். முகவரியையும் கவனியுங்கள். கர்நாடகத்தில் 2023 ஜூனில் தொடங்கிய பெண்களுக்கான இலவசப் பேருந்துப் பயணத்துக்கு இம்மாநில முகவரியுள்ள அடையாள அட்டை வேண்டும்.

2. குழந்தைகளுக்கு ஐந்து வயதுக்குள் ரேகை எடுப்பதில்லை. ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் மறுபடி பதிய வேண்டும். பரீட்சை நேரத்தில் ஓடாமல் முன்கூட்டியே செய்துவிடுங்கள்.

3. உங்கள் ரேகையைப் 'பூட்டி' வைக்கலாம். ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலோ கைபேசிச் செயலியிலோ இந்த வசதி உண்டு. பூட்டிவிட்டால் உங்கள் ரேகையைக் கொண்டு யாரும் எதையும் செய்ய முடியாது. தேவைப்படும்போது நீங்களே திறந்துகொள்ளலாம்.

4. ஜெராக்ஸ் கேட்கும் இடத்திலெல்லாம் முழு எண்ணையும் கொடுக்க வேண்டாம். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும்படி மறைக்கப்பட்ட ஆதார் கிடைக்கிறது. 16 இலக்க மாற்று எண்ணும் உண்டு.

5. உங்கள் ஆதார் எங்கெங்கே பயன்பட்டது என்ற பட்டியலை அவ்வப்போது பாருங்கள். சந்தேகம் இருந்தால் 1947 என்ற எண்ணுக்கு அழையுங்கள். நாம் சுதந்திரம் பெற்ற ஆண்டு, மறக்காது.

6. ஓய்வூதியர்களே, விரல் விழவில்லை என்று கலங்க வேண்டாம். 2021 நவம்பரிலிருந்து முகத்தைக் காட்டியே உயிர்ச் சான்று தரலாம். தபால்காரரை வீட்டுக்கே வரவழைக்கலாம். பழையபடி காகிதச் சான்றும் செல்லும். இவ்வளவு பேசும் எனக்கே இரண்டு வருஷமாக விரல் விழவில்லை. முகம்தான் காப்பாற்றியது.

முடிவாக

பயோமெட்ரிக் முறை நல்லதா கெட்டதா என்று ஒரே வார்த்தையில் கேட்டால், நல்ல வேலையாள், மோசமான எஜமான் என்பேன். மனிதன் தீர்மானிக்க உதவி செய்யும்வரை நல்லது. மனிதனுக்குப் பதில் அதுவே தீர்மானிக்கத் தொடங்கினால் கெடுதல். மைசூர் மையைப் போல, கேட்க வேண்டியதை மட்டும் கேட்டு, வைத்திருக்க வேண்டியதை மட்டும் வைத்திருந்தால் பயமில்லை.

அந்த அம்மாளுடன் மறுநாள் நானே கடைக்குப் போனேன். கடைக்காரர் கெட்டவர் அல்ல, பயந்தவர். மேலதிகாரி கேள்வி கேட்பாரோ என்ற பயம். கன்னடத்தில் பொறுமையாகப் பேசி, விதிவிலக்கு உண்டு என்று எடுத்துச் சொன்னேன். எண்ணெய் தடவி, ஈரத் துணியால் துடைத்து, எட்டு விரலை முயன்றபின் ஒன்பதாவதாக இடது மோதிர விரல் விழுந்தது. ஊதுபத்தி உருட்டும்போது அந்த விரலுக்கு அவ்வளவாக வேலை இல்லையாம். பதிவேட்டை எடுக்கும் அவசியமே வரவில்லை. இப்போது அவர் மாதாமாதம் அந்த விரலை மட்டும் தேங்காயெண்ணெய் போட்டுக் காத்து வருகிறார். "இந்த ஒரு விரல்தான் தம்பி எனக்குச் சாட்சி சொல்லுது" என்கிறார்.

அந்த விரலும் ஒருநாள் தேயும். அதற்குள் அவரை அழைத்துப் போய்க் கைபேசி எண்ணை ஆதாரில் சேர்த்துவிட்டேன். உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். பெரும்பாலும் மொழி தெரியாதவராக, வெட்கப்பட்டுத் திரும்பிப் போகிறவராக இருப்பார். அடுத்த மாதம் ரேஷன் போடும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி அவரோடு போய் நில்லுங்கள். கருவி அவரை அடையாளம் காணாவிட்டாலும், நாம் காணலாம் அல்லவா?